எங்கள் களத்துப் புகை

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்துக்கு என் கணவர் அழைத்தார். அந்த அழைப்பை என் கைபேசியிலிருந்து இன்னும் அழிக்கவில்லை. கிணத்துக்கடவில் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அன்று வெள்ளிக்கிழமை, பங்குனி வெயில். களத்தில் தீப்பிடித்துவிட்டது, உடனே புறப்பட்டு வா என்றார். காவ்யா எங்கே என்று கேட்டேன். இங்கேதான் இருக்கிறாள், தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். அப்பாவின் பக்கத்தில்தானே இருக்கிறாள் என்ற நிம்மதியோடு ஸ்கூட்டரை எடுத்தேன்.

இதை எழுதும்போது அவள் கோயமுத்தூர் சுந்தராபுரத்தில் என் தங்கை வீட்டில், அடுத்த அறையில் தூங்குகிறாள். மூச்சுச் சத்தம் சுவர் தாண்டிக் கேட்கிறது. கேட்காவிட்டால் எழுந்து போய்ப் பார்ப்பேன். எங்களைப் போல் புகைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு, எங்களுக்கும், தேங்காய்தான் தொழில். தேங்காயை உடைத்து, களத்தில் காயவைத்து, கொப்பரைப் பருப்பெடுத்து எண்ணெய் ஆலைக்கு அனுப்புவோம். மிஞ்சுகிற ஓட்டைத் தொட்டி என்போம். வாரம் தவறாமல் லாரி வந்து தொட்டியை அள்ளிப்போகும். அது போய்ச் சேரும் இடம் தூரமில்லை. ஊருக்கு மேற்கே இருக்கும் கரி ஆலைதான். அங்கே ஆழமான குழிகளில் தொட்டியைக் கொட்டித் தீ வைத்து, காற்றுப் புகாமல் மூடிவிடுவார்கள். மூடினால்தான் அது சாம்பலாகாமல் கரியாகும். வெந்தபின் தண்ணீர் ஊற்றி அணைப்பார்கள். புகை ஊருக்குள் வரும், ஊற்றிய தண்ணீர் மண்ணுக்குள் போகும். எங்கள் கிணறுகள் ஒவ்வொன்றாகத் தேயிலைச் சாயம் போல ஆகின. வாயில் வைத்தால் கரிந்த கசப்பு. குடிக்க லாரித் தண்ணீர் வாங்குகிறோம்.

காவ்யா எங்களுக்கு ஒரே மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. எட்டாம் வகுப்பிலிருந்தே இன்ஹேலர் இல்லாமல் வெளியே போனதில்லை. அவள்தான் பெண்களைச் சேர்த்துக்கொண்டு திங்கட்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போக ஆரம்பித்தாள். அதிகாரிகள் பகலில் வந்து பார்ப்பார்கள். பகலில் குழிகள் ஆறிக் கிடக்கும். பொழுது சாய்ந்தபின்தான் நெருப்பு வைப்பார்கள். கடைசியில் தாசில்தார் அலுவலகத்தில் ஒரு பேச்சுவார்த்தை வைத்தார்கள். கரி ஆலைக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து பணிவாகக் கும்பிட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எரியறது உங்க தொட்டிதானுங்க. காசு வாங்கறப்ப இனிச்சுதல்லொ? எம்பட நெருப்பு மட்டும் கசக்குதுங்களா?"

எழுந்து வந்துவிட்டோம். அன்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது காவ்யா சொன்னாள்.

"அவரு கேட்டது நெசந்தானேம்மா. தொட்டி நம்மளதுதானே. குடுக்காம இருந்தா?"

மறுநாளிலிருந்து களம் களமாகப் போனாள். ஊரிலேயே பெரிய களம் சின்னச்சாமியுடையது. என் கணவருக்கு மச்சான் முறை, எனக்கு அண்ணன் முறை. அவர் முதலில் சிரித்தார். "தொட்டிய வெச்சுட்டு நான் என்ன கண்ணு பண்றது? மாலை கட்டிப் போட்டுக்கறதா?" என்றார். "போட்டுக்குங்க மாமா, உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கும்" என்றாள் இவள். களத்தில் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். அப்படித்தான் அவர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டபின் அவரே முன்னால் நின்றார். ஊரில் எந்தக் களத்திலிருந்தும் ஒரு தொட்டிகூட வெளியே போகாது என்று கோயிலில் வைத்துப் பேசி முடித்தார்கள்.

தொட்டி சேர ஆரம்பித்தது. எங்களுக்குத் தொட்டியை விற்கத் தெரியும், வைத்துக்கொள்ளத் தெரியாது. வாரா வாரம் போய்விடுகிற பொருளை எங்கே, எப்படி வைப்பது என்று யாரும் யோசித்ததே இல்லை. எங்கள் களத்தின் ஓரத்தில், பருப்பு மூட்டை அடுக்கிய ஷெட்டை ஒட்டியே ஒரே குவியலாகக் கொட்டினோம். கோடை மழைக்கு நனையக் கூடாதென்று மேலே தார்ப்பாயும் போட்டோம். குவியல் ஷெட்டின் கூரை மட்டத்துக்கு வந்துவிட்டது. கரி ஆலையில் பாதிக் குழிகள் காலி என்று கேள்விப்பட்டபோது ஊரே சந்தோஷப்பட்டது.

அந்தக் குவியல்தான் எரிந்தது. எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. ஆலை ஆட்கள் வைத்தார்கள் என்பவர்களும் உண்டு, யாரோ போட்ட பீடி என்பவர்களும் உண்டு. நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்து நடந்தது நாங்களே செய்தது. தீயணைப்பு வண்டி வர நேரமாகும் என்று தெரிந்ததும் சின்னச்சாமி அண்ணன், மண்ணைப் போட்டு மூடுங்கள் என்றார். ஊரே ஓடிவந்து ஈரச் சாக்கையும் மண்ணையும் போட்டு மூடியது. தழல் அடங்கியது. எல்லாரும் அப்பாடா என்றார்கள். காலமெல்லாம் கரி ஆலையைப் பார்த்தவர்கள் நாங்கள். மூடிய தொட்டி என்ன ஆகும் என்று ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் எங்கள் களத்திலேயே ஒரு சூளையைப் போட்டுவிட்டோம்.

புகை மேலே போக வழியில்லாமல் பக்கத்து ஷெட்டுக்குள் இறங்கியது. காவ்யா ஷெட்டுக்குள்தான் இருந்தாள். உள்பக்கமிருந்து சுவரை நனைத்துக்கொண்டிருந்தாள். பருப்பு மூட்டையும் போய்விட்டால் இனி எந்தக் களத்துக்காரரும் தொட்டியை வைத்திருக்க மாட்டார்கள் என்பதுதான் அவள் பயம். பிற்பாடு அவளே சொன்னது இது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவளாகவே வெளியே நடந்து வந்தாள். முகமெல்லாம் கரி. "அணஞ்சிருச்சும்மா" என்று சிரித்தாள். குரல் கட்டியிருந்தது. மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தாள், வாந்தி எடுத்தாள், தலை வலிக்கிறது என்றாள்.

பக்கத்து ஊரில் இருக்கும் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். விரலில் கிளிப் மாட்டினார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கருவி, எல்லாருக்கும் தெரிந்ததுதான். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. நல்லாத்தான் இருக்கிறது என்று ஆவி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அந்த எண்ணை நம்பிக் காரில் ஏறினோம். கார் கிளம்பியதும் காவ்யா, "தொட்டி லாரி வந்துச்சாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொஞ்ச நேரத்தில் அதையே கேட்டாள். மறுபடியும் கேட்டாள். பதில் சொன்னது அவளுக்கு நினைவில்லை. கண் சொருகியது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில், "கோயமுத்தூருக்கு உடுங்க" என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் திரும்பாமல் நேரே ஓட்டினார்.

வழியில் சின்னச்சாமி அண்ணன் அழைத்தார். கார் ஓட்டிக்கொண்டிருந்ததால் என் கணவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள, ஆஸ்பத்திரில கேட்டாங்கன்னா கரி ஆலைப் பொகைன்னே சொல்லிப்போடுங்க. பொய்யில்லியே. இத்தன வருசமா அதத்தான தின்னுட்டிருக்கறோம். டாக்டரு அப்பிடி எழுதிட்டாருன்னா ஆலைய இழுத்து மூடீரலாம்."

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக அப்போது எனக்கும் தோன்றவில்லை. நோய்க்கும் புகைக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு மருத்துவர் எழுதித் தர மாட்டாரா என்றுதான் காவ்யாவே அலைந்துகொண்டிருந்தாள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் இளம் டாக்டர் ஒருவர் என்ன நடந்தது என்று கேட்டார். என் கணவர், ஊருக்குப் பக்கத்தில் கரி ஆலை இருக்கிறது, அந்தப் புகை, இவளுக்கு ஆஸ்துமா என்றார். மறுபடியும் கிளிப் மாட்டினார்கள். மறுபடியும் நல்ல எண்தான் வந்தது. ஆஸ்துமாவுக்கு உரிய ஊசியைப் போட்டார்கள். காவ்யா கண்ணைத் திறக்கவில்லை. பிறகு நெஞ்சு நோய் மருத்துவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், வேகமாக நடக்கிற அம்மா. காவ்யாவின் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். ஆலை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். அவ்வளவு தூரத்துப் புகையில் மூக்குக்குள் இப்படிக் கரி படியாதே என்றார். பக்கத்தில் ஏதாவது எரிந்ததா, மூடிய இடத்தில் இருந்தாளா என்று கேட்டார்.

என் கணவர் தரையைப் பார்த்தார். அவர் கையில் இருந்த போன் மறுபடியும் அடித்துக்கொண்டிருந்தது.

"எங்க களத்துத் தொட்டிதானுங்க டாக்டர் எரிஞ்சுது. மண்ணப் போட்டு மூடிப்போட்டோம். மேல போட்டிருந்த தார்ப்பாயும் எரிஞ்சிருச்சு. இவ பக்கத்து ஷெட்டுக்குள்ள இருந்தா" என்றேன்.

அதற்குப்பின் எல்லாம் வேகமாக நடந்தது. மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஓடினார்கள். முகத்தில் பை வைத்த மாஸ்க்கை அழுத்தி முழு ஆக்சிஜன் திறந்தார்கள். மூடி எரிகிற எதிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருமாம். நிறமில்லை, வாசமில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் இது உட்கார்ந்துகொள்ளுமாம். பிற்பாடு அந்த டாக்டர் எனக்கு விளக்கினார். "பஸ்ஸுல எல்லா சீட்டும் நிறைஞ்சிருக்கான்னுதான்மா அந்தக் கிளிப் பார்க்கும். உள்ள உக்காந்திருக்கறது யாருன்னு அதுக்குத் தெரியாது." இதைப் படிப்பவர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூடிய புகையில் இருந்தவர்களுக்குத் தலை வலித்தால், வாந்தி வந்தால், பேச்சு குழறினால், கிளிப் காட்டும் எண்ணை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். என்ன எரிந்தது, எப்படி எரிந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர், நல்ல வேளை சொன்னீர்கள் என்றார். ரத்தத்தில் அந்த வாயு நிறைய ஏறியிருந்ததாம். தொண்டை உள்ளே வீங்கி அடைத்துக்கொண்டு வந்ததால் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். அதாவது அவளுக்குப் பதிலாக ஒரு இயந்திரம் மூச்சு விடும். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று தெரியாது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள், காலடியில் பைகள், சுவரோரம் சுருட்டிய பாய்கள். எங்கள் பக்கத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வேன் பிடித்து வரும். வராமல் இருப்பது பெரிய பகை. கூடத்தில் எல்லாரையும் பார்க்க அப்படித்தான் வந்தார்கள். வால்பாறையிலிருந்து அண்ணனைக் கொண்டுவந்திருந்த ஒரு அம்மாவைப் பார்க்க எஸ்டேட் லைன் வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் பேருந்தேறி வந்தார்கள். எங்களைப் பார்க்க ஊரிலிருந்து யாரும் வரவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். தீ விபத்து என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போயிற்று. காவலர் வந்து கேட்டபோது டாக்டரிடம் சொன்னதையேதான் சொன்னேன். அது ஊருக்குப் போய்விட்டது. கரி ஆலைக்காரர் தாசில்தாரிடம் போய், இவர்கள் நெருப்பில் இவர்கள் பெண்ணே வெந்திருக்கிறாள், என்னைச் சொல்கிறார்களே என்றாராம். சின்னச்சாமி அண்ணன் என்னை அழைத்தார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஊருக்கு இருந்த ஒரே புடியையும் உட்டுப்போட்டீங்களே அம்மணி."

"புள்ள உசிரு அதுலதானுங்கண்ணா இருந்துச்சு" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.

என் தங்கைதான் தினமும் வந்தாள். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து தூக்கில் கொண்டுவந்து, நான் வேண்டாம் என்றாலும் ஸ்பூனை வாயருகே நீட்டுவாள். ஒருநாள் உள்ளே போக அனுமதி வாங்கி, கேரளத்து நர்ஸ் ஒருத்தியும் இவளுமாகக் காவ்யாவின் தலையைப் படுத்தவாக்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாக அலசினார்கள். பேசினில் தண்ணீர் கறுப்பாக இறங்கியதாம். "நாலு தடவ மாத்தியும் கறுப்பாத்தான் வருது" என்று வெளியே வந்து அழுதாள். என் கணவர் காலையில் பில் கவுண்டருக்குப் போவார், திரும்பி வருவார். என் கழுத்துச் சங்கிலியைப் பார்ப்பார். ஒருநாள் நானே கழற்றிக் கொடுத்தேன்.

கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூச்சுக்குழல் வழியாக விட்டுக் கரியை உறிஞ்சி எடுத்தார்கள். படத்தைக் காட்டினார்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய சுவரில் கறுப்புத் திட்டுகள். அதன்பின் நிமோனியா வந்தது. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்த நாட்களில் நான் எந்தச் சாமியையும் கும்பிடவில்லை. கும்பிடுகிற அளவுக்கு மனது ஒரு இடத்தில் நிற்கவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நாற்காலியிலிருந்து எழுந்துகொள்வேன், அவ்வளவுதான்.

குழாயை எடுத்த அன்று உள்ளே விட்டார்கள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, யாரோ ஒரு பெண் போலப் படுத்திருந்தாள். குரல் இல்லை. உதட்டை அசைத்தாள். புரியவில்லை. மறுபடியும் அசைத்தாள். "தொட்டி" என்று புரிந்தது.

எனக்குக் கோபம்தான் வந்தது. "மூச்ச உடு சாமி மொதல்ல" என்றேன். தொட்டி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். தீக்குப் பயந்து ஒவ்வொரு களமாக லாரியைக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று என் கணவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கரி ஆலையில் மறுபடியும் எல்லாக் குழியும் எரிகிறது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றிலிருந்து அதைப் பற்றி அவள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

வார்டுக்கு மாற்றியபின் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தார்கள். மூச்சை முழுக்க இழுத்து ஒரு குழாயில் வேகமாக ஊத வேண்டும். எவ்வளவு காற்று, எவ்வளவு வேகத்தில் வெளியே வருகிறது என்று கருவி வரைபடம் போடும். மெழுகுவர்த்தியைக்கூட அணைக்காத அளவுக்குத்தான் காவ்யா ஊதினாள். இருமல் வந்து பாதியில் நிறுத்தினாள். மூன்று முறை ஊதச் சொல்லிவிட்டு டாக்டர் அம்மா என்னைத் தனியாக அழைத்தார். சிறிய மூச்சுக்குழல்கள் சுருங்கியிருக்கின்றன, அதில் ஒரு பங்கு அன்றைய புகையால் வந்தது, ஆனால் எல்லாம் அன்று வந்தது இல்லை, வருடக்கணக்கில் வந்தது என்றார். முழுக்கத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்.

அப்படியானால் அது கரி ஆலையால்தான் என்று சொல்லலாமா என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"புகைன்னு நுரையீரல் சொல்லும்மா. யாரோட புகைன்னு அது சொல்லாது. நீங்கதான் சொல்லணும்." பிறகு, "அந்த ஊருக்கே திரும்பக் கூட்டிட்டுப் போறதப் பத்தி யோசிச்சுக்கங்க" என்றார்.

வார்டுக்கு வந்து, டிஸ்சார்ஜ் ஆனதும் சித்தி வீட்டுக்குப் போகலாம் என்று மட்டும் காவ்யாவிடம் சொன்னேன். எத்தனை நாளைக்கு என்றாள். பார்க்கலாம் என்றேன். எட்டாம் வகுப்பிலிருந்து புகையைத் தின்றவளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அப்ப அந்த ஆலைக்காரருதான் ஊர்ல இருப்பாரு, நான் இருக்க மாட்டேன்" என்றாள். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருந்தது. தலையை வாரிவிட்டேன்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள், மாலைப் பார்வை நேரம் முடியப்போகும் சமயத்தில் சின்னச்சாமி அண்ணன் வந்தார். வேன் இல்லை, கூட ஆளும் இல்லை. பேருந்தில் வந்திருந்தார். வேட்டியில் கணுக்காலுக்கு மேல் பழுப்பாகக் கறை. பழப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. என் கணவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை.

காவ்யா எழுந்து உட்கார முயன்றாள். படுத்துக்கொள் என்று கையைக் காட்டினார். மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பரவாயில்லை என்றாள். சாப்பிடுகிறாயா என்று கேட்டார். தலையை ஆட்டினாள். வெளியே ஒலிபெருக்கியில், பார்வையாளர்கள் புறப்பட வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். காவ்யாதான் கேட்டாள்.

"தொட்டிய எல்லாரும் ஏத்தி உட்டுட்டாங்களா மாமா?"

அவர் பழப்பையை மெதுவாகக் கட்டிலில் வைத்தார்.

"மத்தவீங்க ஏத்தீட்டாங்க கண்ணு. என்ற களத்துத் தொட்டி மட்டும் அங்கயேதான் கெடக்குது. ஒரே குமியாப் போடாம எடம் உட்டு உட்டுப் பிரிச்சுப் போட்டிருக்கறன். காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா கெணத்துத் தண்ணிய எடுத்து உட்டு நனைச்சுட்டிருக்கறன். இன்னிக்கும் நனைச்சுட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

வேட்டிக் கறையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அந்தத் தண்ணி குடிக்கத்தான் ஆகாது கண்ணு. நெருப்புக்கு ஆகுது."